அளவெடுக்கும் முன் உடுத்துவதைப் பாருங்கள்: மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு உடை தைக்கத் தொடங்குபவர்களுக்கு

என் அக்கா மகனுக்கு மூளை முடக்குவாதம். வலது கையும் வலது காலும் விறைப்பாக இருக்கும். அவனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது சீருடை தைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். பத்து வருடமாகத் தையல் தொழிலில் இருக்கிறேன், ஒரு சின்னப் பையனுக்குச் சட்டையும் டிரவுசரும் தைப்பதில் என்ன சிரமம் என்று நினைத்தேன். அவனுடைய பழைய சட்டை ஒன்றை அளவுக்கு வைத்து வெட்டி, ஒரே மாலையில் முடித்துவிட்டேன்.

மறுநாள் காலை அக்கா அதை அவனுக்குப் போட்டுவிடும்போது பக்கத்தில் இருந்தேன். முதலில் இடது கையை நுழைத்தாள். அப்புறம் வலது கை. அது முழங்கையில் மடங்கி, முஷ்டி மூடி, நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அவள் இழுக்க இழுக்கக் கை இன்னும் இறுகியது. கட்டைவிரல் சட்டைக் கையின் உள்மடிப்பில் போய் மாட்டிக்கொண்டது. பையன் அழுதான். ஐந்து பட்டனையும் போட்டு முடிக்க இருபது நிமிடம் ஆனது. ஆட்டோக்காரர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். சட்டையின் அளவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதைப் போடுவதற்கு வழியே இல்லாமல் தைத்திருந்தேன்.

அன்றிலிருந்து இந்தக் குழந்தைகளுக்குத் தைக்க வருகிற எல்லோரிடமும் நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான்: இஞ்ச் டேப்பை எடுப்பதற்கு முன், அந்தக் குழந்தைக்கு உடை போடுவதையும் கழற்றுவதையும் ஒரு முறை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். தையல் ஓரளவு தெரிந்தவர்கள், தன் குழந்தைக்காகத் தைக்க நினைக்கும் அம்மாக்கள், பக்கத்துத் தையல்காரரிடம் எப்படிச் சொல்லி வாங்குவது என்று தெரியாதவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் பார்ப்பது

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் போய்ப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் ஓய்வாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் பார்த்தால் உண்மையான சிரமம் தெரியாது. குழந்தைக்கு எங்கே வைத்து உடை மாற்றுகிறார்கள்? பாயில் படுக்கவைத்தா, மடியில் வைத்தா, நாற்காலியிலா? யார் மாற்றுகிறார்கள்? அம்மாவுக்கு முதுகுவலி இருக்கிறதா, பாட்டிக்குக் கண் மங்கலா? பாட்டிதான் மாற்றிவிடுவார் என்றால் பொடிப் பொடி ஹூக் வைத்துத் தைப்பதில் அர்த்தம் இல்லை.

துணி எங்கே மாட்டுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தலையிலா, முழங்கையிலா, கட்டைவிரலிலா, குதிகாலிலா? நீங்கள் வைக்கப்போகும் திறப்பு அந்த இடத்துக்குத்தான் வர வேண்டும். அதே அளவுக்கு முக்கியமான இன்னொன்றும் உண்டு. குழந்தை தானாக எதையெல்லாம் செய்கிறது என்று பாருங்கள். தலையை நுழைக்கக் குனிகிறதா, ஒரு கையையாவது நீட்டுகிறதா, சாக்ஸைத் தானே உருவிப் போடுகிறதா? அந்தச் சின்ன வேலையை உங்கள் உடை பறித்துவிடக் கூடாது. நல்ல நோக்கத்தோடு தைத்த உடையிலும் இந்தத் தவறு நடந்துவிடும். பின்பக்கம் முழுதாகத் திறக்கும் சட்டை போட்டுவிடுகிறவருக்கு மிகவும் வசதி. ஆனால் பட்டனைத் தானே கழற்றப் பழகிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அதைப் போட்டால், குழந்தை கற்றுக்கொண்டிருந்தது அங்கேயே நின்றுபோகும். படுத்தே இருக்கும் குழந்தைக்கு மட்டும்தான் நான் அதைத் தைக்கிறேன்.

உடுத்தும் முறையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் விறைப்பாக இருக்கும் குழந்தைக்கு அந்தப் பக்கக் கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கை கடைசி. அக்கா செய்தது நேர்மாறு. அவளுக்கு அதை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. மடங்கிய கையை விரலைப் பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும். சட்டைக் கையை வளையல் மாதிரி சுருக்கிப் பிடித்து, அதன் நுனி வழியாக நம் கையை உள்ளே விட்டு, குழந்தையின் முஷ்டியை மெல்லப் பற்றிக்கொண்டு, துணியை மேலே ஏற்ற வேண்டும். அக்கா பிறகு இதைத் தெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டாள். சட்டைக் கை எவ்வளவு அகலம் வேண்டும் என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்ததும் இதிலிருந்துதான்: பெரியவர் கை ஒன்று உள்ளே போய், குழந்தையின் முஷ்டியோடு வெளியே வர வேண்டும். அந்த அகலம்.

முடிந்தால் குழந்தையின் பிசியோதெரபிஸ்டையோ, அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டையோ ஒரு முறை பார்த்துவிடுங்கள். சென்னையில் வித்யாசாகர் அமைப்பு, முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக மத்திய அரசு நடத்தும் நிப்மெட் நிறுவனம், தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் போன்ற இடங்களில் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அரசுப் பள்ளிக் குழந்தை என்றால் வட்டார வள மையத்துக்கு வரும் தெரபிஸ்டிடமே கேட்கலாம்.

நோயின் பெயரை வைத்துத் தைக்காதீர்கள்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் ஒரே பெயரின் கீழ் வரும் இரண்டு குழந்தைகளுக்கு ஒரே சட்டை பொருந்தாது. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு குழந்தை விறைப்பாக இருக்கும், இன்னொன்று துவண்டு கிடக்கும். விறைப்புள்ள குழந்தைக்கு அகலமான திறப்பு வேண்டும். துவண்ட குழந்தைக்கு, தூக்கும்போது சுருண்டு மேலேறாத உடை வேண்டும். அதனால் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாமல், உடம்பு என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

இருந்தாலும் சில விஷயங்களைப் பெயரோடு சேர்த்து நினைவில் வைத்திருப்பது நல்லது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் பலருக்குக் கழுத்து குட்டையாக இருக்கும், கை கால் நீளமும் குறைவு. வயதுக்கு ஏற்ற ரெடிமேட் சட்டை தோளில் சரியாக இருந்தால் கை தொங்கும். காலர் கழுத்தில் குத்தும், அதனால் காலரின் உயரத்தைக் குறைத்து வெட்டுங்கள். தசைச்சிதைவு நோய் உள்ள குழந்தையால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போகும். அவனுக்குத் தலைவழியாகப் போடும் டீசர்ட் வேண்டாம், முன்பக்கம் திறப்பதைக் கொடுங்கள். ஸ்பைனா பைஃபிடா என்னும் முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளில் பலருக்கு இயற்கை ரப்பர் ஒவ்வாமை இருக்கிறது. ரப்பர் இழை வெளியே தெரியும் மலிவு எலாஸ்டிக் அவர்கள் தோலில் படவே கூடாது. இடுப்புக்குக் கீழே அவர்களுக்கு உணர்ச்சியும் குறைவாக இருக்கும். தையல் முடிச்சு குத்தினாலும் வலிக்காது. வலிக்காததால் சொல்லவும் மாட்டார்கள், புண் வந்த பிறகுதான் தெரியும்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சிலருக்குச் சட்டையின் கழுத்தில் இருக்கும் லேபிள் ஒன்றே போதும், நாள் முழுக்கத் தவிப்பார்கள். புதுத் துணியின் கஞ்சி வாசமும் சிலருக்குப் பிடிக்காது. துணியை நாலைந்து முறை அலசி மெதுவாக்கிவிட்டு வெட்டுங்கள். லேபிளைக் கத்தரித்தால் மீதி முனை குத்தும். அதைத் தையல் பிரித்தே எடுக்க வேண்டும். உள்ளே பிசிறு தோலில் படாமல் தையலை வெளிப்பக்கம் வரவைத்துப் பட்டையாக மடித்து அடிக்கலாம். ஆனால் எல்லோருக்கும் தளர்வான உடைதான் பிடிக்கும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். உடம்போடு இறுக்கிப் பிடிக்கும் பனியன் இருந்தால்தான் நிம்மதியாக இருக்கும் குழந்தைகளும் உண்டு. இரண்டு துணியைக் கையில் கொடுத்து, எதைத் திரும்பத் திரும்பத் தடவுகிறது என்று பாருங்கள்.

உட்கார்ந்தபடி அளவு

நம் அளவு முறை எல்லாம் நிற்கிற ஆளுக்கானது. சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தையை உட்காரவைத்தே அளவெடுக்க வேண்டும். அதுவும் அதன் சொந்த நாற்காலியில், பெல்ட் மாட்டியபடி, காலைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் போட்டபடி. டயபர் போடும் குழந்தை என்றால் டயபரோடு.

உட்காரும்போது பேண்ட்டில் என்ன நடக்கிறது என்று உங்கள் உடையிலேயே பாருங்கள். முன்பக்கம் துணி மிச்சமாகி வயிற்றில் மடியும், பின்பக்கம் பற்றாமல் கீழே இறங்கும், கால் மேலே ஏறும். நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்த மடிப்பு வயிற்றை அழுத்தும், பின்னால் முதுகு தெரியும். அதனால் முன் உயரமும் பின் உயரமும் தனித்தனியாக வேண்டும். முன்னால் தொப்புளுக்குக் கீழே இடுப்புப் பட்டி வரவேண்டிய இடத்திலிருந்து கவட்டு வரை ஒன்று, கவட்டிலிருந்து பின் இடுப்பு வரை இன்னொன்று. கால் நீளத்தை இடுப்புப் பக்கவாட்டிலிருந்து தொடை வழியாக, மடங்கிய முழங்காலின் மேல் டேப்பை ஓடவிட்டு, கணுக்கால் வரை எடுங்கள். ஸ்பிளிண்ட்டுக்கு மேல் கெண்டைக்காலின் சுற்றளவையும் மறக்காதீர்கள். இடது, வலது இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். என் அக்கா மகனுக்கு இரண்டு காலுக்கும் ஒரு இஞ்ச் வித்தியாசம் இருந்தது. ஒரு காலை அளந்து இரண்டுக்கும் வெட்டியதால் ஒரு பக்கம் எப்போதும் தரையில் இழுபட்டது.

துணி

நம் ஊர் வெயிலுக்குப் பருத்திதான். சீருடை பெரும்பாலும் பாலிஸ்டர் கலந்த துணியாக இருக்கும், அதை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் முதுகும் பின்பக்கமும் நாற்காலியில் ஒட்டும் இடத்தில் மட்டும் உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் கொடுக்கலாம். வீட்டு உடைக்குப் பனியன் துணி நல்லது. திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கிலோ கணக்கில் கட் பீஸ் கிடைக்கும். இன்டர்லாக் துணி இரண்டு பக்கமும் வழுவழுப்பாக இருக்கும், ஓரம் சுருளாது, புதிதாகப் பழகுகிறவர்கள் தைப்பதற்கும் எளிது. சிங்கிள் ஜெர்சி மெல்லியது, வெட்டியதும் ஓரம் சுருண்டுகொள்ளும். எதுவாக இருந்தாலும் நனைத்துக் காயப்போட்டுச் சுருங்கவிட்டு அப்புறம் வெட்டுங்கள்.

துணி எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் உடம்பைச் சுற்றி வருமாறு போடுங்கள். கை நுழைப்பது பாதிச் சுலபமாகிவிடும்.

எதை வைத்து மூடுவது

தமிழ்நாட்டில் இதற்குப் புதுசாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டியைப் பார்த்திருப்பீர்கள். கட்டத் தெரியாதவர்களும் கட்டிக்கொள்ளட்டும் என்று வேட்டியில் வெல்க்ரோ வைத்தார்கள், கல்யாண வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. அந்த வேட்டியில் இருக்கும் யோசனைதான் நமக்கும் வேண்டியது. வெளியில் பார்க்க எல்லோருடையதும் போல, உள்ளே வேறு.

வெல்க்ரோவைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்ற சுவிஸ் பொறியாளர். நாயின் ரோமத்தில் ஒட்டிய முள்காய்களைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்தது. அந்த முள் இன்னும் அதில் இருக்கிறது என்பதைத் தைக்கும்போது மறக்கக் கூடாது. சொரசொரப்பான பக்கத்தை அடித்தட்டில் வெளியே பார்த்தபடி வையுங்கள். மேல்தட்டின் உள்பக்கம், அதாவது தோலைப் பார்க்கும் பக்கம், மெத்தென்றிருக்கும் பாகம் வரட்டும். நேர்மாறாகத் தைத்துவிட்டால் கொஞ்சம் விலகினாலும் கழுத்தை ராவிவிடும். நீளப் பட்டையாக வைக்காதீர்கள். விறைத்துக்கொண்டு நிற்கும், உட்காரும்போது குத்தும். முக்கால் இஞ்ச் சதுரமாக வெட்டி, மூலைகளை வளைத்துக் கத்தரித்து, இடைவெளி விட்டு வையுங்கள். துவைக்கும் முன் ஒட்டி மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் நூலும் முடியும் சேர்ந்து ஒரு மாதத்தில் ஒட்டாமல் போகும். பிரிக்கும்போது வரும் பர்ரென்ற சத்தத்துக்குச் சில குழந்தைகள் துள்ளிவிழும். அவர்களுக்கு டிச் பட்டன் வையுங்கள்.

ஜிப் நல்லதுதான். அதன் இழுப்பில் ஒரு பெரிய வளையமோ நாடாத் துண்டோ கட்டிவிட்டால் விரல் பிடி இல்லாத குழந்தையும் வளையத்தில் விரலை மாட்டி இழுக்கும். ஆனால் ஜிப்புக்குப் பின்னால் ஒரு துணிப்பட்டி கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் தோல் மாட்டி நான் பார்த்திருக்கிறேன்.

காந்தப் பட்டன் இப்போது இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது, பார்க்க அழகாகவும் இருக்கிறது. குழந்தைகளுக்கு நான் அதை வைப்பதில்லை. காரணங்களைச் சொல்லிவிடுகிறேன். மூளையில் தேங்கும் நீரை வடிக்க ஷண்ட் என்னும் குழாய் வைத்த குழந்தைகளில் சிலருக்கு அதன் வால்வையே வெளியிலிருந்து காந்தத்தால்தான் சரிசெய்கிறார்கள். ஸ்பைனா பைஃபிடா குழந்தைகளில் ஷண்ட் வைத்தவர்கள் நிறைய. காது கேட்பதற்காகப் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட்டும் காந்தத்தோடுதான் வருகிறது. இது போக, இரண்டு காந்தத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு குடலைத் துளைத்துவிடக்கூடும். துணியை வாயில் வைத்துக் கடிக்கும் குழந்தைகளுக்கு நடுவில் வேலை செய்கிறோம். இதில் துணிந்து பார்க்க ஒன்றுமில்லை.

முதல் வேலை: ஒரு சீருடைச் சட்டை

புதிதாக வெட்டித் தைப்பதற்கு முன், இருக்கிற சட்டை ஒன்றை மாற்றிப் பழகுங்கள். அரசு தரும் சீருடையோ கடையில் வாங்கியதோ, எதுவும் ஆகும். கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று ஒரு பழைய சட்டையில் ஆரம்பியுங்கள்.

கடைசிப் பட்டனைத் தவிர மற்ற பட்டன்களை எல்லாம் வெட்டி எடுங்கள். அவற்றின் காஜாக்களை அதே நிற நூலில் மூடித் தைத்துவிட்டு, எடுத்த பட்டன்களை அந்தக் காஜாவின் மேலேயே தையுங்கள். பார்த்தால் பட்டன் போட்ட சட்டை. உள்ளே, முதல் பட்டனைத் தவிர, அந்தப் பட்டன் ஒவ்வொன்றுக்கும் நேராக வெல்க்ரோ சதுரத்தை வையுங்கள், மேலே சொன்ன பக்கக் கணக்கில். நாலு பக்கமும் அடித்து, நடுவில் குறுக்குத் தையல் போடாமல் விட்டால் மெத்தென்று இருக்கும். கழுத்துக்குப் பக்கத்தில் வெல்க்ரோ வேண்டாம், அதனால்தான் முதல் பட்டனுக்கு உள்ளே வெறுமனே விடுகிறோம். கடைசிப் பட்டனை மட்டும் உண்மையான பட்டனாக விட்டு, அதன் காஜாவைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுங்கள். பட்டன் போடப் பழகுவதற்கு அது. என் அக்கா மகனுக்கு அப்படித்தான் விட்டோம். இடது கையால் அந்த ஒரு பட்டனைப் போட அவனுக்கு இரண்டு மாதம் ஆனது. அதைப் போட்ட அன்றைக்கு வகுப்பில் எல்லோரிடமும் சட்டை நுனியைத் தூக்கிக் காட்டியிருக்கிறான்.

அப்புறம் கை. அக்குளில் தையலைப் பிரித்து, அதே துணியில் மூன்று இஞ்ச் சதுரத் துண்டு ஒன்றை மூலைவாட்டில் வைத்துத் தையுங்கள். பழைய ஜிப்பாவில் அக்குளில் ஒரு துண்டு இருக்குமே, அதேதான். தாத்தா அதைப் போட்டுக்கொண்டு கையை எப்படி வேண்டுமானாலும் தூக்குவார், சட்டை இழுக்காது. சீருடைத் துணி தனியாகக் கிடைக்காவிட்டால் பாக்கெட்டின் அடிப்பக்கத்திலிருந்தோ கீழ்மடிப்பிலிருந்தோ எடுக்கலாம். கை நுனியின் உள்மடிப்பை இரண்டு முறை மடித்து முழுவதும் அடித்துவிடுங்கள். கட்டைவிரல் மாட்டும் ஓட்டை ஒன்றுகூட இருக்கக் கூடாது. முழுக்கை என்றால் மணிக்கட்டுப் பட்டனை எலாஸ்டிக் நூலில் தையுங்கள், பட்டனைக் கழற்றாமலே கை போய் வரும்.

இரண்டாவது: பேண்ட்

என் அக்கா மகன் ஐந்தாம் வகுப்பு வரை அரைக்கால் டிரவுசர் போட்டதால் ஸ்பிளிண்ட் ஒரு பிரச்சினையாக இல்லை. ஆறாம் வகுப்பில் முழுக்கால் பேண்ட் வந்தது. தினமும் காலையில் ஸ்பிளிண்ட்டைக் கழற்றி, பேண்ட்டைப் போட்டு, திரும்ப ஸ்பிளிண்ட் மாட்ட வேண்டியதாயிற்று. பள்ளியில் கால் வலித்தால் தளர்த்திவிட வழி இல்லை.

வெளிப்பக்கத் தையலைக் கீழிருந்து முழங்கால் வரை பிரியுங்கள். பின்துண்டோடு இரண்டு இஞ்ச் அகலப் பட்டி ஒன்றைச் சேர்த்து, முன்துண்டின் ஓரம் அதன் மேல் படியுமாறு மடித்து அடியுங்கள். நடுவில் மூன்று இஞ்சுக்கு ஒன்றாக வெல்க்ரோத் துண்டுகள். ஜிப் வைப்பதானால் மூடிய முனை முழங்கால் பக்கம் வரும்படி தலைகீழாக வையுங்கள், டிராக் பேண்ட்டின் கணுக்காலில் இருக்கிற மாதிரி. பேண்ட் பாட்டுக்குக் காலில் இருக்கும், ஸ்பிளிண்ட்டைத் தனியாகக் கழற்றி மாட்டலாம். ஸ்பிளிண்ட்டுக்குள் போடும் சாக்ஸ் அதன் மேல்விளிம்பைத் தாண்டி உயரமாக இருக்கட்டும், விரல் பக்கத் தையல் குத்தினால் சாக்ஸை உள்ளது வெளியாகத் திருப்பிப் போடுங்கள்.

இடுப்புக்கு வருவோம். பின் இடுப்புப் பட்டியைப் பிரித்து, நடுவில் இரண்டு இஞ்ச் உயரமும் பக்கவாட்டில் ஒன்றுமில்லாமல் மெலிந்தும் போகும் ஒரு துண்டைச் சேருங்கள். முன்பக்கத்தை நடுவில் ஒரு இஞ்ச் இறக்கி, அதேபோலப் பக்கவாட்டுக்கு வரும்போது பழைய உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பின்பட்டிக்குள் மட்டும் எலாஸ்டிக், முன்பட்டி தட்டையாக இருக்கட்டும். பின் பாக்கெட்டைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். உட்காரும் எலும்பின் கீழே பாக்கெட் மடிப்போ, ரிவிட்டோ, தடித்த தையலோ இருந்தால் அங்கே புண் வரும். பாக்கெட் வேண்டும் என்று பையன் ஆசைப்பட்டால் தொடை மேல் வைத்துக் கொடுங்கள், உட்கார்ந்தபடியே கை எட்டும். இரண்டு பக்கமும் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு உறுதியான நாடா வளையம் தைத்தால், நிற்க முடிகிற குழந்தை அதைப் பிடித்துத் தானே மேலே இழுக்கும்.

எழுந்து நிற்கவே முடியாத குழந்தைக்கு வேறு மாதிரி. இரண்டு பக்கத் தையலையும் இடுப்பிலிருந்து தொடை பாதி வரை திறந்து டிச் பட்டன் வையுங்கள். படுக்கவைத்து முன்பக்கத்தை மட்டும் கீழே இறக்கி டயபர் மாற்றலாம். வயதுக்கு வந்த பெண்ணுக்கு உள்ளாடையிலும் இதே பக்கத் திறப்பு வைத்தால் நாப்கின் மாற்றும்போது அவளையும் நிறுத்த வேண்டாம், அம்மாவும் திணற வேண்டாம். இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். தைக்கிறவர்தான் தானாகப் பேச்சை எடுக்க வேண்டும்.

மற்றவர்களைப் போலவே

அமெரிக்காவில் மிண்டி ஷியர் என்ற வடிவமைப்பாளரின் மகனுக்குத் தசைச்சிதைவு. அவன் ஒரு நாள், பள்ளியில் எல்லோரும் போடுகிற ஜீன்ஸைத் தானும் போட வேண்டும் என்று கேட்டான். ஜிப்பையும் பட்டனையும் அவனால் கையாள முடியாது, கால் ஸ்பிளிண்ட்டின் மேல் ஜீன்ஸ் ஏறாது. அவர் அன்று இரவே ஒரு ஜீன்ஸைப் பிரித்து மாற்றித் தைத்தார். அதிலிருந்து வளர்ந்த முயற்சியில்தான் 2016-இல் டாமி ஹில்ஃபிகர் நிறுவனம் இந்தக் குழந்தைகளுக்கான உடை வரிசையை வெளியிட்டது. அந்தப் பையன் வசதியான உடை கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எலாஸ்டிக் பேண்ட் அவனிடம் ஏற்கெனவே இருந்தது.

எச்சில் வடியும் குழந்தைக்குக் கழுத்தில் கட்டும் துணியிலும் இதே அக்கறை வேண்டும். பத்து வயதுப் பையனுக்குக் கரடி பொம்மை போட்ட பிப் கட்டி அனுப்பாதீர்கள். சட்டைக்குப் பொருத்தமான நிறத்தில் முக்கோணமாக, கர்சீப் கட்டியது போல வெட்டுங்கள். வெளியே பருத்தி, நடுவே டர்க்கி டவல் துண்டு, அடியில் நெஞ்சுப் பகுதியில் மட்டும் நீர் புகாத துணி. கழுத்தைச் சுற்றி அதைக் கொண்டுபோனால் வேர்க்குரு வரும். கழுத்தில் நாடா முடிச்சு ஆபத்து. எங்காவது மாட்டினால் தானே பிரியும்படி டிச் பட்டன் வையுங்கள். ஒரு நாளைக்கு ஆறு ஏழாவது வேண்டும், ஒரே முறையில் வெட்டி வைத்துவிடுங்கள்.

பெண் குழந்தைகளுக்குத் தீபாவளி, பொங்கலுக்குப் பட்டுப் பாவாடை ஆசை இருக்கும், மறுக்காதீர்கள். பாவாடையை ஒரு பக்கம் முழு நீளத்துக்கும் திறந்து, சுற்றிக் கட்டுவது போல இடுப்பில் ஹூக்கோ அகல வெல்க்ரோவோ வையுங்கள். நாற்காலியில் பாவாடையை விரித்து, அதன் மேல் குழந்தையை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் முன்னால் கொண்டுவந்து மூடினால் முடிந்தது. நீளம் மட்டும் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும், சக்கரத்தில் சிக்கக் கூடாது. துப்பட்டாவும் அப்படித்தான். சீருடைத் துப்பட்டாவை இரண்டு தோளிலும் சேர்த்துத் தைத்து, நுனியை இடுப்போடு பிடித்துவிடுங்கள். ஜரிகை தோலை உரசும் இடமெல்லாம் லைனிங் போட வேண்டும்.

பார்வை இல்லாத குழந்தைக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரிய, பின் கழுத்தின் உள்ளே நூல் முடிச்சு ஒன்று போட்டுவிடுங்கள். எல்லா உடைக்கும் ஒரே இடத்தில்.

போட்டுப் பார்ப்பது

தைத்ததும் குழந்தைக்குப் போட்டு, நாற்காலியில் அரை மணி நேரம் உட்காரவைத்துக் கழற்றிப் பாருங்கள். இடுப்பு, வால் எலும்பு, தொடை அடி, அக்குள், கழுத்து எல்லா இடத்திலும் தோலைப் பாருங்கள். சிவந்த தடம் இருந்தால் இன்னொரு அரை மணி கழித்துத் திரும்பப் பாருங்கள். மறைந்திருந்தால் சரி. மறையாமல் இருந்தால் அந்த இடத்துத் தையலைப் பிரித்து இடம் மாற்ற வேண்டும். உணர்ச்சி குறைந்த குழந்தைகளுக்கு இந்தச் சோதனையை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

கழிப்பறைக்குப் போய்வரும் சோதனையும் வேண்டும். வீட்டில் நன்றாகத் தெரிந்த பேண்ட் பள்ளிக் கழிப்பறையில் உதவியாளர் ஒருவர் ஒற்றைக் கையால் இறக்க முடியாததாக இருக்கலாம். அந்த உதவியாளரிடம் ஒரு முறை திறந்து மூடிக் காட்டிவிடுங்கள். எங்கே திறக்க வேண்டும் என்று தெரியாமல் வெல்க்ரோவைப் பிய்த்தெடுத்த அனுபவம் எங்களுக்கு உண்டு, அவர் மேல் தவறில்லை.

நீங்களே தைக்க நினைத்து இயந்திரம் இல்லாவிட்டால், அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளின் தாய்மார்களுக்குத் தமிழக அரசு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் தரும் திட்டம் இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். தையல்காரரிடம் கொடுப்பதானால் வாயால் விளக்காதீர்கள். பழைய சட்டையில் எங்கே திறப்பு வேண்டுமோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டு, முடிந்தால் குழந்தையையும் ஒரு முறை அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

குழந்தை வளரும், அதனால் பக்கத் தையலிலும் கால் மடிப்பிலும் தாராளமாகத் துணி விட்டுத் தையுங்கள். வெட்டிய பேப்பர் கட்டிங்கைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் மேல் தேதியும், உட்கார்ந்த அளவா நின்ற அளவா என்பதும், எந்தக் கை முதலில் என்பதும் எழுதி, ஒரு பையில் போட்டு அந்த வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்த வருடம் நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் வேறு யாராவது அதை வைத்து வெட்டிக்கொள்வார்கள்.